என் ஜோக்குக்குச் சிரித்த ஈரல்

என் பெண்டாட்டி தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில், நான் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நின்று, முன்பின் தெரியாத நாலைந்து பேருக்கு என் செலவில் டீயும் மசால் வடையும் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன். அதில் ஒருவர், "ஆம்பளப் புள்ளையா?" என்றுகூடக் கேட்டார். இல்லை, அதைவிடப் பெரிய விசேஷம் என்றேன். அவள் என் ஜோக்குக்குச் சிரித்துவிட்டாள்.

முட்டாள்களில் பல ரகம் உண்டு. கெட்ட சேதி வந்தால் அழுகிறவன், ஓடுகிறவன், உறைந்துபோய் உட்காருகிறவன் எல்லோரையும் பார்த்திருக்கிறேன். கெட்ட சேதி வந்தது தெரியாமல் அதற்கு வடை வாங்கித் தருகிறவனை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் டீக்கடைக் கண்ணாடியில்.

எனக்குத் திருவொற்றியூரில் ஒரு சின்ன டிசைன் கடை. கல்யாண பேனர், காதுகுத்து பேனர், தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எங்கள் வட்டாரத்தின் சிரிப்பையும் அழுகையையும் ஒரே கம்ப்யூட்டரில் செய்து தருகிறவன். வாசகம் எழுதுவதும் நானே. வாய் சும்மா இருக்காது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கிற ஜோக்குக்குத்தான் பாதிப் பேர் திரும்ப வருகிறார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. மீதிப் பேர் ஏன் திரும்ப வருவதில்லை என்று நான் யோசித்ததில்லை.

என் பெண்டாட்டி மீன் விற்கிறவள். விடியுமுன் காசிமேடு போய் ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் பக்கத்து மார்க்கெட் ஓரத்தில் கூடையை இறக்குவாள். அவளுக்குச் சிரிக்கவே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்துக் கூடைக்காரியோடு பேசிச் சிரிப்பாள். டிவி பார்த்துச் சிரிப்பாள். நான் வழுக்கி விழுந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் சொல்லுகிற ஜோக்குக்கு மட்டும் சிரிக்க மாட்டாள். கல்யாணமான வாரத்தில் அவளுக்காகவே நான் இட்டுக்கட்டிய ஜோக் ஒன்று உண்டு. வஞ்சிரம் நெத்திலியைப் பார்த்து, "என் வெல இன்னா, உன் வெல இன்னா, என் கிட்ட நிக்கலாமா நீ?" என்று கேட்டதாம். அதற்கு நெத்திலி, "ஒன்னியத் துண்டு துண்டா வெட்டித்தான் வாங்கறான். என்னியக் குடும்பத்தோட அள்ளிகினு போறான்" என்றதாம். இதை நான் சொன்னபோது அவள் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமல், "செதில் மேல தெறிக்கும், தள்ளி நில்லு" என்றாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நானும் விடாமல் சொல்லிப் பார்க்கிறேன். அவளும் விடாமல் சிரிக்காமல் இருக்கிறாள். எங்கள் இல்லறம் அப்படி ஒரு பிடிவாதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு வந்த வியாதியின் வேர் அவள் வேலையில் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பினால் கூடை காலியாகித் திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். மார்க்கெட்டில் பெண்கள் ஒதுங்க ஒழுங்கான இடம் கிடையாது. "தண்ணி குடிச்சா போவணும். போனா கூடைய யாரு பாத்துக்கறது, பூனையா?" என்பாள். அந்தப் பக்கத்து மீன்காரப் பெண்கள் பாதிப் பேர் இப்படித்தான். வெயிலில் காய்ந்த கருவாட்டை விற்றுக்கொண்டு தாங்களும் காய்ந்துகொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் இடுப்பு வலி என்றாள். அப்புறம் ஜுரம் என்றாள். நான் என்ன செய்தேன்? எங்கள் ஊரில் படித்தவன் படிக்காதவன் எல்லோரும் செய்வதைச் செய்தேன். மருந்துக் கடைக்குப் போய், "ஜொரத்துக்கு ரெண்டு வேளைக்கு செட்டு குடுங்க" என்றேன். செட்டு என்றால், கடைக்காரர் பல அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து ஒரு சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார். எந்த மாத்திரை என்ன என்று அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். முதல் செட்டில் ஜுரம் இறங்கியது. ஏறியது. இன்னொரு செட்டு. அவளும் ஜுரம் இறங்கிய நேரமெல்லாம் கூடையோடு போனாள்.

அப்படிப் போன ஒரு நாள், மார்க்கெட்டில் மீன் வெட்டும்போதே அவளுக்கு உடம்பு உதறிவிட்டது. பக்கத்துக் கூடைக்காரி போன் செய்ததும் எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்தவர் அவளுடைய அண்ணன். காத்திவாக்கத்துக்காரர், சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். வலையைத் தூக்குவதுபோல் தங்கையைத் தூக்கி ஆட்டோவில் போட்டார். நான் போனபோது ஆட்டோ கிளம்பிவிட்டது. பின்னாலேயே ஓடினேன். அந்த ஓட்டத்தையும் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்க் குழாயில் கல் அடைத்திருக்கிறது, சிறுநீரகத்தில் சீழ் கட்டியிருக்கிறது, அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ரத்த அழுத்தம் கீழே கிடந்தது. நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். ஈரோட்டுப் பக்கத்துப் பேச்சு. சின்ன உருவம், சின்னக் குரல். ஆனால் அந்தக் குரலைக் கேட்க நாலு சிஸ்டர்களும் வேலையை நிறுத்துவார்கள்.

"ஜுரத்துக்கு என்ன மாத்திரைங்க கொடுத்தீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"செட்டு மேடம். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு ரோஸ்."

"மாத்திரை பேரைக் கேட்டா கட்சிக் கொடி மாதிரி சொல்றீங்களே?" என்றார், முகத்தில் சிரிப்பு இல்லாமல். "எத்தனை போட்டாங்கன்னாவது தெரியுங்களா? அவங்க ஈரல் எப்படி இருக்குன்னு நான் பாக்கணும்."

பக்கத்தில் நின்ற மச்சான் 'ஈரல்' என்றதும் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். எங்கள் பக்கத்தில் ஈரல் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"மாப்ள, குடிக்கறது நீ. ஈரல் அதுக்குப் போச்சா?"

"மச்சான், நான் ஞாயித்துக்கிழம மட்டுந்தான்."

"ஊட்ல ஒருத்தன் குடிச்சா எல்லார் ஈரலும்தான் வேகும்" என்றார்.

டாக்டர் எங்களை நிறுத்தினார். "குடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. ரத்தத்துல கிருமி கலந்தா, குடிக்கிறவங்க குடிக்காதவங்கன்னு பாக்காம ஈரல் தடுமாறும். கண்ணு மஞ்சளாகட்டும்னு காத்திருந்தா ரொம்ப லேட். மஞ்சள்ங்கிறது கடைசி பஸ். அதுக்கு முன்னாடியே சின்னச் சின்னதா ஏதாவது காட்டும். ரத்தம் உறையற வேகத்துல, சர்க்கரையில, பேச்சுல, எதுல வேணா. அதைத்தான் தேடிட்டே இருப்போம்."

மறுநாள் காலை ரத்தப் பரிசோதனையில் ஈரல் பெரிதாக எதையும் காட்டவில்லை. சில அளவுகள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன, பயப்படும்படி இல்லை என்றார்கள். மதியம் முதுகு வழியாக ஊசி செலுத்தி, சிறுநீரகத்தில் ஒரு குழாய் வைத்து, சீழை வெளியே எடுத்துவிடலாம் என்று முடிவு. அதை எடுக்காமல் எந்த மருந்தும் கேட்காது. எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று நானும் மச்சானும் எங்களுக்குள் முடிவு கட்டிக்கொண்டோம்.

அதற்கு முன்னால் என்னைச் சற்று நேரம் உள்ளே விட்டார்கள். பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். அதை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, முடிச்சுகளை நெஞ்சில் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி போய் நின்றேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், கையில் கழுத்தில் ஊசிகள். தலைமாட்டில் ஒரு டப்பா கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் வந்தால் வாய் தானாக ஓடும். வேறு எதுவும் தோன்றாமல் நெத்திலி ஜோக்கை எடுத்துவிட்டேன்.

அவள் சிரித்தாள்.

லேசாக, அழகாக, பல் தெரிய. சிரித்துவிட்டு என் கையைத் தொட்டு, "நல்லா சொல்ற" என்றாள்.

எனக்குக் கால் தரையில் இல்லை. உடனே இன்னொன்றை எடுத்துவிட்டேன். அதற்கும் சிரித்தாள். மூன்றாவதை நான் முடிக்கவே இல்லை, பாதியிலேயே சிரித்துவிட்டாள். கொஞ்சமாவது மூளை இருக்கிறவனுக்கு அந்த இடத்தில் உறைத்திருக்கும். எனக்கோ, கடைசியில் என் அருமை தெரிந்துவிட்டது, உடம்பு படுத்தினால்தான் புருஷன் அருமை தெரியும் என்று தோன்றியது. பக்கத்தில் நின்ற சிஸ்டரும், "ரொம்ப அமைதியா இருக்காங்க. சொன்னதெல்லாம் கேட்டுக்கறாங்க" என்றார். ஆஹா என்று வெளியே ஓடி வந்தேன்.

"மச்சான்! ஒன் தங்கச்சி சிரிச்சிச்சு!"

"ஒன்னியப் பாத்து யாரு சிரிக்கல?"

"என்னியப் பாத்து இல்ல. என் ஜோக்குக்கு!"

"எந்த ஜோக்கு?"

"நெத்திலி."

மச்சான் "நெத்திலிக்கா?" என்று மட்டும் கேட்டார். டீக்கடையில் நான் நீட்டிய டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் ஆறவைத்தார். நான்தான் வடை விநியோகத்தில் மும்முரமாக இருந்தேனே, அதைக் கவனிக்கவில்லை.

மதியம் குழாய் வைக்க என் கையெழுத்து வாங்க டாக்டரே வந்தார். போகிற போக்கில், "பாத்தீங்களா? எப்படி இருக்காங்க?" என்றார்.

"சூப்பரா இருக்கா மேடம். என் ஜோக்குக்கே சிரிச்சுட்டா!"

சிரித்துக்கொண்டே இரண்டு அடி போனவர் நின்றார். திரும்பி வந்தார்.

"ஏனுங்க, வழக்கமா சிரிக்க மாட்டாங்களா?"

"கல்யாணமான நாள்லேர்ந்து இல்ல மேடம்."

"ஒரு தடவைகூட?"

"மேடம், இத்தனை பேர் நடுவுல என் மானத்த…"

"விளையாடாதீங்க. நாங்க அவங்களை நேத்துதான் முதல்ல பாக்குறோம். அமைதியான ஆளுன்னு நெனச்சுட்டோம். அவங்க அமைதியான ஆளுங்களா?"

நான் பதில் சொல்லுமுன் மச்சான் முந்திக்கொண்டார். "யாரு, எங்க தங்கச்சியா? அது மார்க்கெட்டுல கூவுச்சுன்னா கடல்ல போற படகு திரும்பும்மா. அது அமைதியா கீதுன்னா இன்னாமோ ஆயிப்போச்சு. நான் அப்பவே நெனச்சேன். இந்தாளு வடை துன்னுகினு கீறான்."

டாக்டர் என்னைக் கையோடு உள்ளே அழைத்துப் போனார். அவளிடம் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரலை விரித்து, மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். நீட்டினாள். கைகள் நிலையாக நிற்கவில்லை. கரையில் போட்ட மீனின் துடுப்பு மாதிரி படக் படக் என்று அடித்தன. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். புன்னகைத்தாள். டாக்டர் என்னிடம் திரும்பி, "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இவங்களுக்குத் தெரியற விஷயம் எதுங்க?" என்றார்.

"மீன் வெல."

"கேளுங்க."

குனிந்து கேட்டேன். "ம்மே, சங்கரா கிலோ எவ்ளோம்மே?"

அவள் என்னைப் பார்த்தாள். யாரோ நல்ல வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் இதமாகப் பார்த்துவிட்டு, "குடுக்கறதக் குடு" என்றாள்.

என் சிரிப்பு அங்கே நின்றது. பத்து ரூபாய் குறைத்துக் கேட்டவனை மார்க்கெட் முனை வரை துரத்திக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வருகிறவள் அவள். இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு வார்த்தையை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. படுத்திருக்கிற உடம்பு அவளுடையது, உள்ளே இருக்கிற ஆள் கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அங்கியின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார். காலையில் இருந்ததைவிட ரொம்பவே இறங்கியிருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். மறுபடி ரத்தம் எடுத்து அவசரமாக அனுப்பச் சொன்னார். குழாய் வைக்கிறவர்களைக் காத்திருக்கச் சொன்னார். ரத்த முடிவு வந்ததும் என்னை வெளியே கூப்பிட்டு, என் மரமண்டைக்கு ஏறும்படி நிதானமாகச் சொன்னார்.

"சர்க்கரையைச் சேத்து வெச்சு, வேணுங்கிறப்ப எடுத்துக் கொடுக்கறது ஈரல். இப்போ கொடுக்கல. ரத்தம் உறையறதுக்கு வேணுங்கிறதைச் செய்யறதும் அதுதான். காலைல பரவாயில்லாம இருந்துச்சு, இப்போ குறைஞ்சிருக்கு. உடம்புக் கழிவை வடிகட்டறதும் அது. அதுவும் மெதுவாயிருக்கு. அந்தக் கழிவு தேங்கினாலும் மூளை கலங்கும், கிருமியாலயும் கலங்கும், சர்க்கரை இறங்கினாலும் கலங்கும். சிரிச்சாங்கங்கிறதை வெச்சு ஈரல்தான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தேடுன்னு சொல்லிச்சு. தேடினேன், இருக்கு. காலைல வந்த முடிவை நம்பி முதுகுல ஊசி போட்டிருந்தா ரத்தம் சட்டுன்னு நின்னிருக்காதுங்க."

"இப்ப இன்னா மேடம் பண்றது?"

"குழாய் வெச்சே ஆகணும். சீழ் உள்ள இருக்கிற வரைக்கும் ஈரல் தேறாது. முதல்ல ரத்தம் உறையறதுக்கு பிளாஸ்மா ஏத்திட்டு வெச்சுடலாம். ரத்த வங்கியில நாம எடுக்கறதுக்கு ஈடா ரத்தம் கொடுக்க ஆள் இருந்தா வரச்சொல்லுங்க. அந்த செட்டையெல்லாம் இனி தொடக்கூடாது. இங்க ஏத்தற மருந்தையும் ஈரலுக்குப் பாரமில்லாத மாதிரி மாத்தறேன்."

மச்சான் போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஷேர் ஆட்டோ நிறைய ஆட்கள் லுங்கியோடு வந்து இறங்கினார்கள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவன், இஞ்சின் கழற்றிக்கொண்டிருந்தவன், கையில் கிரீஸோடு வந்தவன் எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ரத்த வங்கி வாசலில் வரிசை கட்டினார்கள். பார்க்கவே தைரியமாக இருந்தது. உள்ளிருந்து ஒருவர் வந்து, "நேத்து சரக்கு போட்டவங்க இப்படி ஓரமா வந்துடுங்க" என்றார். வரிசையே மொத்தமாக நகர்ந்து ஓரமாகப் போய் நின்றது. பழைய இடத்தில் மிஞ்சியது மூன்று பேர். அதில் ஒருவர் மச்சான்.

"மச்சான், நீ குடிக்கலியா?" என்றேன். நான் அவரைப் பெருங்குடிகாரர் என்று பல இடங்களில் ஜோக் அடித்திருக்கிறேன்.

"கடலுக்குப் போறவன் குடிச்சா வலைய எவன் இழுப்பான்? நீ ஒருத்தன் போதாதா எங்க குடும்பத்துக்கு?" என்றபடி உள்ளே போனார்.

நானும் ரத்தம் கொடுத்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஊசியைப் பார்த்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது, ஓரமாக நின்ற குடிகாரர்களில் இருவர் என் முகத்தில் தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள்.

சாயங்காலத்துக்குள் பிளாஸ்மா ஏற்றி, குழாய் வைத்து, சீழ் பையில் இறங்க ஆரம்பித்தது. அந்த அசிங்கமான பையைப் பார்த்து மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர், "இன்னும் முடியலீங்க. ஈரல் திரும்பணும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க தினமும் காலைல வந்து அவங்ககிட்ட அந்த ஜோக்கைச் சொல்லணும்" என்றார்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "புதுசா ஒண்ணு கீது மேடம், அத்த வேணா…"

"வேண்டாங்க. அதே ஜோக். எதுக்குச் சிரிக்க மாட்டாங்கன்னு நமக்கு நல்லாத் தெரியுமோ அதைத்தான் சொல்லணும். புதுசு ஒருவேளை நல்லா இருந்துட்டா குழப்பமாயிடும்."

"அந்தக் கவலையே வோணாம்மா" என்றார் மச்சான்.

ஆக, காலையில் அவளுக்கு ரத்தம் எடுப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், கையை நீட்டச் சொல்வார்கள், அதன்பின் நான் போய் ஜோக் சொல்வேன். ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய மரியாதையும் கிடையாது, அவமானமும் கிடையாது. சிரிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஜோக் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

முதல் நாள் அவள் சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. கண்ணைத் திறந்து என்னைக் கடந்து எங்கோ பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அந்தக் கண்ணின் வெள்ளையில் அன்றைக்குத்தான் மஞ்சள் ஏறியிருந்தது. நான் ஜோக்கை முடித்தபோது, பக்கத்துக் கட்டில் பெரியவர் குலுங்கிச் சிரித்தார். சிஸ்டர் உடனே அவருடைய கேஸ் ஷீட்டை எடுத்துப் புரட்டினார்.

மஞ்சளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சுவரோரம் குந்தி உட்கார்ந்தேன். கடையிலிருந்து போன் மேல் போன். யாருக்கோ பிறந்தநாள் பேனர். எடுக்கவில்லை. மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? எதுனா சொல்லேன்" என்றார். அவர் வற்புறுத்திக் கேட்டும் வாயடைத்துப்போனது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

டாக்டர் எங்களைத் தாண்டிப் போகும்போது நின்றார். "மஞ்சளைப் பாத்துப் பயந்துட்டீங்களா? அது நேத்து நடந்ததோட சேதி, இன்னைக்கு வந்து சேருது. ரத்தம் உறையறது தேறி வருது. சர்க்கரை நாங்க ஏத்தாமலே நிக்க ஆரம்பிச்சிருக்கு. நாளைக்கும் வந்து சொல்லுங்க." அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் நம்பிக்கையும் கொடுக்கவில்லை, இருந்ததைப் பிடுங்கவும் இல்லை. அந்த அளவான பேச்சைப் பிடித்துக்கொண்டு அன்றைய பொழுதைக் கடத்தினேன்.

அடுத்த நாள் தப்பான இடத்தில் ஒரு புன்னகை. வஞ்சிரம் வாயைத் திறக்குமுன்பே. அதற்கடுத்த நாள், புன்னகை வரப்போய்ப் பாதியில் நின்றது. இரண்டு புருவத்துக்கும் நடுவில், எனக்கு மட்டுமே என்று அவள் வைத்திருக்கிற அந்த மடிப்பு லேசாக விழுந்து மறைந்தது. சிஸ்டரிடம், "பாத்தீங்களா, மொறைச்சா!" என்று குதித்தேன். "அது வலியா இருக்கும்ணா" என்றார் சிஸ்டர். வலிதான். இருபது வருஷத்து வலி.

பிறகு ஒரு காலை. டாக்டர் கட்டிலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். "ஒரு வஞ்சிரம் நெத்திலியப் பாத்து…" என்று ஆரம்பித்தேன். அவள் கண்ணை இறுக்கி மூடினாள். புருவ மடிப்பு நன்றாக, ஆழமாக விழுந்தது. ஊசி குத்திய கையைத் தூக்கி, உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே காட்டினாள், போதும் நிறுத்து என்று. டாக்டர் என் முகத்தையோ அவள் முகத்தையோ பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தார். கை ஆடாமல் நின்றது.

"கை நிக்குது, எழுதிக்கோங்க சிஸ்டர்" என்றார். பிறகு குனிந்து, "ஏனுங்கம்மா, சங்கரா கிலோ என்ன விலை?" என்றார்.

அவள் கண்ணைத் திறந்து டாக்டரை மேலும் கீழும் பார்த்தாள். தொண்டை வறண்டிருந்தது. "எத்தினி கிலோ வோணும்?" என்றாள். "சும்மா வெல கேக்க வந்தியா?"

சின்னக் குரல் டாக்டர் அன்றைக்குப் பெரிய குரலில் சிரித்தார். நான் அழுதேன். அழுகிறவனைப் பார்த்து அவள், "இந்தாளுக்கு இன்னா ஆச்சு?" என்று சிஸ்டரைக் கேட்டாள்.

ஈரல் முழுதாகத் தேறவும், கல்லை எடுக்கவும் இன்னும் நாள் பிடித்தது. வார்டுக்கு மாற்றினார்கள். டாக்டருக்கு என்னால் முடிந்தது ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே பத்தடிக்கு ஒரு பேனர். "ஈரல் காத்த தாயே" என்று வாசகம்கூடத் தயார். அவரிடம் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "பேனர் வெச்சா அடுத்த வாரமே ஊர்ப்பக்கம் மாத்தல் கேட்டுப் போயிடுவேன்" என்றார். பேனரை விட்டேன். நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே எழுதி வைக்கிறேன். என் உளறலைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகாமல், இரண்டு அடி போய்த் திரும்பி வந்தாரே, அந்த இரண்டு அடிக்கு. கேஸ் ஷீட்டிலும் கருவியிலும் இருப்பதோடு நிறுத்தாமல், 'இவங்க வழக்கமா எப்படி?' என்று ஒரு பேனர்காரனையும் படகுக்காரரையும் கேட்டதற்கு. அவள் போட்ட சத்தத்தையெல்லாம் அப்புறம் வாங்கிக்கொண்டு, "திட்டட்டும்ணா, நல்லதுதானே" என்ற சிஸ்டருக்கு. மச்சானுக்கு. வரிசையில் நின்றவர்களுக்கும், ஓரமாகப் போய் நின்றவர்களுக்கும். மார்க்கெட்டில் இப்போது பெண்கள் முறை வைத்து ஒருத்தி கூடையை ஒருத்தி பார்த்துக்கொள்கிறார்கள். தண்ணீர் பாட்டிலோடுதான் உட்காருகிறார்கள். அவர்களுக்கும்.

வார்டில் ஒரு மத்தியானம், அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானே எதிர்பாராமல் கேட்டுவிட்டேன்.

"ம்மே, நெசமா கேக்கறேன். நீ போய்ச் சேந்திருந்தா நான் இன்னாம்மே பண்ணியிருப்பேன்?"

அவள் கஞ்சியை ஒரு வாய் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"போஸ்டர் அடிச்சிருப்ப."